வாஷர் சார் வீட்டுச் சில்லர்

சாந்தோமில் நின்றுபோன மெஷின் ஒன்று மறுபடி ஓடினால் அது கடவுள் செயல். ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றுபோனால் அது வாஷர் சார் செயல். இந்த விஷயத்தில் எங்கள் சந்தில் யாருக்கும், பங்குச் சாமியார் உட்பட, கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக்கூட அது தெரியாது. பங்குப் பள்ளிக்கூடத்தில் காமர்ஸ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து மெக்கானிக். இடையில் படிப்பு, பயிற்சி என்று எந்தத் தடங்கலும் கிடையாது. உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் தேய்ந்துபோன வாஷர்தான் காரணம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. குழாய் ஒழுகினால் வாஷர். ஃபேன் முனகினால் வாஷர். டி.வி.யில் படம் வராவிட்டாலும், "உள்ள எங்கயாவது ஒரு வாஷர் இருக்கும் தம்பி, பாத்துடலாம்" என்பார். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா குத்திக்கொள்கிற இடத்தில் அவர் பல சைஸ் ரப்பர் வாஷர்களைப் போட்டுவைத்திருப்பார். பூசையில் அவர் குனிந்து முழங்கால் போடும்போது நாலைந்து உருண்டு பீடம் வரைக்கும் போகும்.

அவர் கை வைத்த பிறகு எங்கள் மிக்சியில் தேங்காய் போட்டால் தேங்காயாகவே திரும்பி வரும். சத்தம் மட்டும் சட்னி அரைத்த மாதிரி இருக்கும். மூன்றாம் மாடி அம்மாவின் கிரைண்டர் இதற்கு நேர் எதிர். ஓட ஆரம்பித்தால் நிற்காது. சுவிட்சை அணைத்தாலும் ஓடும். இட்லி மாவு சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் பதத்துக்குப் போன பிறகு, கட்டடத்தின் மெயினையே அணைத்து அதை நிறுத்தினோம். இருட்டில் எல்லோரும் நின்றுகொண்டிருக்க, வாஷர் சார் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா, மோட்டார் எவ்ளோ ஸ்ட்ராங்கா ஆயிடுச்சு!"

பிறகு ஏன் அவரிடம் சாமான்களைக் கொடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். நாங்கள் எங்கே கொடுத்தோம்? அவரே வந்து எடுத்துக்கொண்டு போவார்.

நான் முதல் மாடி. அவர் இரண்டாம் மாடி, என் தலைக்கு நேர் மேலே. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. புரோமோட்டர் கைக்குப் போய், நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். கட்டடம் இடிந்ததற்கு மட்டும் வாஷர் சார் காரணம் இல்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்லத் தயார்.

இவ்வளவு இருந்தும் அவர் வீட்டில் மட்டும் எல்லா மெஷினும் ஒழுங்காக ஓடியது. காரணம் ஃபிலோ டீச்சர். அவர் மனைவி. அதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தவர். டீச்சர் குரலை உயர்த்தினால் பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள்கூடக் கையைக் கட்டிக்கொள்வார்கள். "இந்த வீட்ல ஒரு ஸ்க்ரூ மேல கை வைங்க பாப்போம்!" என்று மேலே கேட்கும். அடுத்த நிமிஷம் வாஷர் சார் டூல்ஸ் பெட்டியோடு படியிறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அந்த டீச்சருக்குத்தான் பக்கவாதம் வந்தது. வலது கை சோர்ந்துபோனது. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வாய்க்கு வராது. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தது. அட்டையில் ஆப்பிள் படத்தைக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க ஆன்ட்டி" என்றது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த அட்டையைக் காட்டியவர் டீச்சர். அவர் பார்த்த பார்வையில் அந்தப் பெண் அட்டைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டது. மாதக்கணக்கில் என் தலைக்கு மேலே சத்தமே இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கோட்டூர்புரத்தில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிற அவசரத்தில் தங்கள் மீன் தொட்டியை யாருக்காவது தள்ளிவிடப் பார்த்தது. கடல் தண்ணீர்த் தொட்டி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன், மஞ்சளாக ஒன்று. கூடவே ஒரு சில்லர். சில்லர் என்பது மீன்களுக்கான ஏ.சி. தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அந்தப் பெட்டிக்குள் போய், குளிர்ந்து, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். அது இல்லாவிட்டால் சென்னை வெயிலில் அந்த மீன்கள் தொட்டியிலேயே குழம்பாகிவிடும். இந்தச் சில்லர் ஆற்றோரத்து பால்கனியில் மழையிலும் வெயிலிலும் கிடந்து துருவேறிப்போயிருந்தது. பார்க்கிற யாரும் மீனை வாங்கிக்கொண்டு சில்லரை விட்டுவிடுவார்கள். வாஷர் சார் சில்லரைப் பார்த்த பார்வையில் காதல் இருந்தது. மீன், அவரைப் பொறுத்தவரை, கொசுறு.

வந்த அன்றே உப்புத்தாள் போட்டுத் துருவைச் சுரண்ட ஆரம்பித்தார். துருவை எடுத்த பிறகுதான் தெரிந்தது, அதில் துருவைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று. விழுந்த ஓட்டைகளைச் சைக்கிள் டியூப் துண்டுகளால் மூடி, கிறிஸ்துமஸ் குடிலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளிப் பெயிண்டை மேலே பூசினார். ஜிகுஜிகுவென்று மூன்று ராஜாக்கள் கொண்டுவந்த பரிசுப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

டீச்சரின் நாற்காலி தொட்டிக்கு எதிரே இருந்தது. மீன்கள் வந்து சில நாள் இருக்கும். அந்த மஞ்சள் மீன் தொட்டிக்குள் நிற்காமல் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். பொறுத்துப் பார்த்தார். திடீரென்று வாயிலிருந்து வந்தது:

"உக்காரு!"

பேச்சு போன பிறகு டீச்சர் சொன்ன முதல் வார்த்தை அது. மீன் உட்காரவில்லை. வாஷர் சார் உட்கார்ந்துவிட்டார், தரையில், அப்படியே.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. எப்போதும் வாயைத் திறந்து திறந்து மூடுகிற ஆரஞ்சு மீனைப் பார்த்து, "வாய மூடு!" கல்லுக்குப் பின்னால் ஒளிகிற இன்னொன்றைப் பார்த்து, "முன்னாடி வா!" எல்லாம் மீனுக்குத்தான். மனிதர்கள் போய் "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டால் பழையபடி மௌனம். டாக்டர், "எதைப் பாத்துப் பேசறாங்களோ அதை விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டார். ஆக, டீச்சருக்குப் பேச்சு வர வேண்டுமானால் மீன் உயிரோடு இருக்க வேண்டும். மீன் உயிரோடு இருக்கச் சில்லர் ஓட வேண்டும். சில்லர் ஓடுவது வாஷர் சார் கையில் இருந்தது. நாங்கள் எல்லோரும் ஜெபிக்க ஆரம்பித்தோம். கோயிலுக்கே போகாத நானும்.

சில்லர் ஓடியது. கூடவே ஒழுகியது. ஒழுகிய தண்ணீர் அவர் வீட்டுத் தரையில் இறங்கி, என் வீட்டு சீலிங் வழியாக, என் சாப்பாட்டு மேஜை மேல் சொட்டியது. கடல் தண்ணீர். சீலிங்கில் உப்புப் பூத்துவிட்டது. என் மனைவி ஒருநாள் ரசத்தை ருசி பார்த்துவிட்டு, "உப்பு போடல. மேல இருந்து வந்திருக்கு" என்றாள்.

மாடிக்குப் போய் முறையிட்டேன்.

"சார், தண்ணி கீழ வருது."

"எங்க போகுதுன்னு நானும் தேடிட்டே இருந்தேன் தம்பி. உங்க வீட்டுக்குத்தான் வருதா?" அவர் முகத்தில் பெரிய நிம்மதி. "பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. நான் தருபவர், நீங்க பெறுபவர். டேலி ஆயிடுச்சு பாருங்க!"

வாஷரை மாற்றினார். சொட்டிக்கொண்டிருந்தது ஒழுக ஆரம்பித்தது. இன்னொரு வாஷர் போட்டார். இரண்டு இடத்தில் ஒழுகியது. "மெக்கானிக்கைக் கூப்பிடலாமா சார்?" என்று கேட்டேன். இதைக் கேட்டதும், மாதா சுரூபத்தின் முன்னால் கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

சாம்பல் புதன் வந்தது. தவக்காலத்தில் எங்கள் சந்தில் ஆளுக்கொன்றை விடுவார்கள். ஒருவர் கறியை விடுவார், ஒருவர் சினிமாவை விடுவார். நெற்றியில் சாம்பலோடு வந்த வாஷர் சார், ஈஸ்டர் வரைக்கும் டூல்ஸ் பெட்டியைத் தொடுவதில்லை என்று படிக்கட்டில் நின்று அறிவித்தார். கட்டடமே மகிழ்ந்தது. மூன்றாம் மாடி அம்மா பாயசம் வைத்தார். என் மிக்சிகூட அன்று கொஞ்சம் அரைத்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் சில்லருக்குத் தவக்காலம் தெரியாது. அது ஒழுகிக்கொண்டே இருந்தது. கல்யாணப் பரிசாக வந்த ஸ்பூன் செட்டில் ஒரு ஸ்பூனின் காம்பு ஸ்க்ரூ தலையில் வெட்டியிருக்கும் காடியில் கச்சிதமாகப் பொருந்துவதை வாஷர் சார் கண்டுபிடித்தார். மனசாட்சி உறுத்தவே நேராகச் சாமியாரிடம் போனார்.

"ஃபாதர், ஸ்பூனு டூல்ஸ்ல சேருமா?"

சாமியார் ஏதோ வேலையாக இருந்திருக்கிறார். "ஸ்பூன் சாப்பிடறதுக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"டூல்ஸ்ல சேராதுன்னு ஃபாதரே சொல்லிட்டார் தம்பி!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் காலையில் காபி கலக்கிய ஸ்பூனே பத்து மணிக்குச் சில்லரைத் திறந்தது. மூடுகிறவரைக்கும் உள்ளே ஏதோ செய்வார். என்ன செய்கிறார் என்பது அவருக்கும் சில்லருக்கும் உள்ள விவகாரம். என் மேஜைக்கு மேலே நான் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டினேன். கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

வெயில் ஏறிக்கொண்டே போய், பெரிய வெள்ளி வந்தது. காலையில் சிலுவைப்பாதை முடிந்து, கோயிலில் கொடுத்த கஞ்சியையும் குடித்துவிட்டு எல்லோரும் திரும்பியிருந்தார்கள். மேலே "க்ர்ர்ர்" என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. என் சீலிங்கில் சொட்டுவதுகூட நின்றுவிட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. படியில் ஓடினேன்.

சில்லர் செத்துக் கிடந்தது. தொட்டித் தண்ணீர் கைக்கு வெதுவெதுவென்று இருந்தது. மூன்று மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. டீச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இடது கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். "வாய மூடு" என்று சொல்லவில்லை.

"ஐஸ்!" என்றார் வாஷர் சார். என் ஸ்கூட்டரில் பட்டினப்பாக்கம் மீன் கடைக்குப் பறந்தோம். மற்றக் கடைகள் மூடியிருந்தன. ஒரு அம்மா மட்டும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார், இன்னிக்கு யாவாரம் இல்ல. வஞ்சிரம் நாளைக்கித்தான்."

"மீன் வேணாம்மா, ஐஸு மட்டும் குடு. வீட்ல மீன் சூட்ல தவிக்குது."

"ஊட்ல கீற மீனுக்கு ஐஸா? கெட்டுப் பூட்ச்சா?"

"இல்லம்மா, உயிரோட இருக்கு."

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தினி வர்சமா செத்த மீனுக்குத்தான் ஐஸு போட்டுக்கினு கீறேன். உசுரோட கீற மீனுக்கு ஐஸு கேட்டு வந்த மொத ஆளு நீதான் நைனா. தூக்கினு போ!"

ஐஸை உடைத்துப் பிளாஸ்டிக் கவர்களில் கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டோம். மீன்கள் கொஞ்சம் கீழே இறங்கின. ஆனால் ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? சில்லரைத் திறந்தே ஆக வேண்டும். பார்த்தால், ஸ்பூனைக் காணோம். சமையலறையில் இருந்த வேறு எந்த ஸ்பூனும் காடிக்குள் நுழையவில்லை.

"சார், ஸ்க்ரூ டிரைவர எடுங்க. தவக்கால ஒறுத்தல்தானே, ஆண்டவர் மன்னிச்சுக்குவார்."

"ஒறுத்தல்னா எப்பவோ எடுத்திருப்பேன் தம்பி." குரல் இறங்கிவிட்டது. "இது பொருத்தனை. ஃபிலோ பழையபடி முழுசா பேசணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டு விட்டேன். எங்கிட்ட இருக்கறதுல பெருசு அந்தப் பெட்டிதானே?"

எங்கள் நன்மைக்காக விட்டார் என்று நாங்கள் பாயசம் குடித்திருந்தோம்.

"எடுத்தா பொருத்தனை போச்சு. எடுக்கலன்னா மீன் போச்சு. மீன் போச்சுன்னா இவ பேச்சு போச்சு. நான் என்ன பண்ணுவேன்?"

"குடுங்க, நான் திறக்கறேன்" என்றேன்.

அந்த நிலைமையிலும் அவருக்கு ரோஷம் வந்தது. "நீங்களா? மெஷினப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என் மிக்சியைத் தேங்காய் உருட்டுகிற மெஷினாக மாற்றியவர் என்னைக் கேட்ட கேள்வி இது.

அப்போதுதான் அது நடந்தது. நாற்காலியிலிருந்து, திக்கித் திக்கி, ஆனால் பழைய பள்ளிக்கூடக் குரலில்:

"உங்களுக்கும்... ஒண்ணும்... தெரியாது. மெக்கானிக்க... கூப்பிடுங்க!"

வருஷக்கணக்காகச் சந்தில் ஒவ்வொருவர் தொண்டையிலும் சிக்கியிருந்த வாக்கியம். அதைச் சொல்ல, பேச்சே போன ஒருவர் வர வேண்டியிருந்தது.

வாஷர் சார் என் பக்கம் திரும்பினார். "தம்பி... கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"மீன்கிட்ட இல்ல. எங்கிட்ட சொன்னா. முழுசா சொன்னா."

"ஆமா சார். மெக்கானிக்க..."

"பொருத்தனை பலிச்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார். டூல்ஸ் பெட்டியோடு திரும்பி வந்தார். மனைவி வாயிலிருந்து இத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் வாக்கியம். அதில் அவர் காதில் விழாத ஒரே வார்த்தை மெக்கானிக்.

"தொடாதீங்க!" என்றார் டீச்சர்.

"சொல்லு ஃபிலோ, இன்னும் சொல்லு!" என்று அழுதுகொண்டே ஸ்க்ரூவைக் கழற்றினார்.

மூடியைத் தூக்கினால், டியூப் துண்டு பெயர்ந்த ஓட்டை வழியாக விழுந்த கல்யாண ஸ்பூன், உள்ளே ஃபேன் இறக்கைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. வாஷர் சார் அதை வெளியே எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "நம்ம வீட்டு ஸ்பூன் மாதிரியே இருக்கே, இவங்க கம்பெனியில எப்படி?" என்றார். ஃபேன் சுற்றியது. சில்லர் உறுமியது. குளிர்ந்த தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்தது. அவர் வாழ்நாளில் செய்த ரிப்பேர்களில் வெற்றி பெற்றது அது ஒன்றுதான். தானே உள்ளே விட்டதைத் தானே வெளியே எடுத்தார் என்றாலும், வெற்றி வெற்றிதான்.

ஈஸ்டர் போய், அக்னி நட்சத்திரமும் வந்துவிட்டது. சில்லர் நன்றாகக் குளிர்ந்தது. மீன்கள் கொழுத்தன. ஒழுகல் மட்டும் நிற்கவில்லை. ஒழுகுகிற ஒவ்வொரு தடவையும் மேலே டீச்சர் குரல் கேட்கும். முதலில் "ஒழுகுது!" பிறகு "தண்ணி ஒழுகுது, பாருங்க!" வாரத்துக்கு வாரம் திட்டு நீண்டுகொண்டே போனது. ஆனாலும் சீலிங் சீலிங்தானே? என் மனைவி பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழே இனி விருந்தாளியை உட்காரவைக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். தி.நகரில் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைப் பிடித்துக் கெஞ்சினேன். ஆடித் தள்ளுபடி முடியட்டும், இந்தக் கூட்டத்தில் பாண்டி பஜாரை விட்டு வண்டியை வெளியே எடுக்கவே முடியாது என்று இழுத்தடித்து, ஒருவழியாக வந்து சேர்ந்தார்.

அவரைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்து, கிரில்லை மட்டும் சாத்தியிருந்தார்கள். மணியை அழுத்தப் போன கையை நிறுத்திக்கொண்டேன்.

வாஷர் சார் சில்லருக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தார். டீச்சர் இருக்கும் அறைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை வைத்து, குழாயை இறுக்கியிருந்த கிளிப்பைப் பதமாகக் கொஞ்சம் தளர்த்தினார். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளையாக உட்கார்ந்துவிட்டார்.

உள்ளேயிருந்து டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது, மறுபடியும் ஒழுகுது? நேத்துதான நல்லா முறுக்கிட்டேன்னு சொன்னீங்க? காமர்ஸ் படிச்சவருக்கு எதுக்கு இந்த வேலை? கீழ் வீட்டுத் தம்பி பாவம், அதுவும் எத்தன நாளைக்குத்தான் பொறுத்துக்கும்?"

ஒரு திக்கல் இல்லை. பேப்பருக்குப் பின்னால் வாஷர் சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய பூசையில் பாடகர் குழு பாடும்போது மட்டும் அவர் முகம் அப்படி இருக்கும்.

மெக்கானிக்கின் தோளைத் தொட்டு, கீழே போகலாம் என்று சைகை காட்டினேன்.

"இன்னா சார்? இந்த வீடுதான? லீக்குனு போன்ல அந்தக் கத்து கத்துனீங்க?"

"லீக்கா? இந்த வீட்ல ஒரு லீக்கும் இல்லப்பா. எல்லாம் நல்லா ஓடுது. நீ கெளம்பு."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார். வீட்டுக்குள் வந்ததும் மனைவி, "சரி பண்ணியாச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள் ஒழுகட்டும் விடு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்து அந்தச் சொட்டு விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால்தான் டீச்சர் குரல் நன்றாகக் கேட்கும்.